சொன்னால் பாதி சுமை

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். உணவையும் உடையையும் பகிர்ந்துகொள்வது போலவே கவலையையும் பகிர்ந்துகொண்டுதான் அவன் வாழ்கிறான். குழாயடியிலும், ரேஷன் கடை வரிசையிலும், திருப்பலி முடிந்தபின் கோவில் வாசலிலும் நம் தாய்மார் நின்று பேசுவதைக் கேட்டால் இவ்வுண்மை நன்கு விளங்கும். "கோழி இரண்டு நாளாய் இரை எடுக்கவில்லை", "சின்னவனுக்கு இருமல் நிற்கவில்லை", "அடுப்பு சரியாய் எரியவில்லை" என்பவையே அவர்கள் பேச்சு. இவை உலகை உலுக்கும் செய்திகள் அல்ல. ஆயினும், சொன்னவர் முகத்தில் ஒரு தெளிவு பிறப்பதை நாம் காண்கிறோம்.

மாணவியராகிய எங்களுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அது நம் பள்ளியின் வேப்ப மரத்தடி. மதிய உணவு வேளையில் நாங்கள் ஆறு பேர் அங்கே வட்டமாய் அமர்வோம். சாப்பாட்டோடு வீட்டுக் கவலை, வளர்ப்புப் பிராணியின் கவலை, உடம்புக் கவலை எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வோம். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அந்த மரத்தடியில் மூன்று கவலைகள் வெளிப்பட்டன. கவலையைத் தோழியிடம் சொல்வதால் விளையும் நன்மை எது, தோழியால் செய்ய முடியாதது எது என்பதை அவற்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம். அதனை நம் ஆண்டு மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசனையில்லாத வாயு

முதல் கவலை சமையலறையிலிருந்து வந்தது. "இரண்டு நாளாய் எங்கள் அடுப்படியில் ஒரு கெட்ட வாடை அடிக்கிறது. அப்பாவிடம் சொன்னால் செலவு என்று சலித்துக்கொள்வார் என அம்மா சும்மா இருக்கிறார்கள்" என்றாள் ஒரு தோழி. அதை அவள் ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னாள். ஆனால் எங்களில் ஒருத்தி உடனே, "சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டாள். யாருக்கும் நினைவில்லை. அன்று மாலையே அவள் தந்தை குழாயைக் கழற்றிப் பார்த்தபோது அடுப்போடு சேரும் இடத்தில் அது வெடித்திருந்தது.

சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவையே அது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் துர்நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு அதில் சேர்க்கிறார்கள். இப்படிச் சேர்க்கும் வழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் மடிந்தனர். வாயுவுக்கு வாசனை இல்லாததால் அது தரைக்கு அடியில் தேங்கியிருந்ததை ஒருவரும் அறியவில்லை. அதன் பின்னரே எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கவேண்டும் என அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

நம் வீட்டுச் சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. ஆதலால் தரையோடு தரையாய்ப் படியும். வாடை வந்தால் மின்விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. சுவிட்சில் தோன்றும் சிறு பொறியே போதும். தீக்குச்சியைத் தொடவே கூடாது. அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பிறகு 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். இரவு பகல் எந்நேரமும் அங்கே பதில் கிடைக்கும்.

இதில் எங்களுக்கு ஓர் உவமை தோன்றிற்று. சொல்லாத கவலையும் வாசனையில்லாத வாயுவைப் போன்றதுதான். அது இருப்பது வெளியே தெரியாது. உள்ளே தேங்கிக்கொண்டே இருக்கும். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அருகில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறக்க முடியும்.

மாதா மேல் ஆணை

இரண்டாவது கவலை ஒரு நாய்க்குட்டியைப் பற்றியது. எங்களில் ஒருத்தி தெருவில் கிடந்த குட்டி ஒன்றை எடுத்து வீட்டில் வளர்த்து வந்தாள். அவள் தந்தைக்கு அதில் விருப்பமில்லை. "ஏதாவது தொந்தரவு என்றால் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்று சொல்லியிருந்தார். ஒரு புதன்கிழமை மதியம் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வற்புறுத்திக் கேட்ட பிறகு, "யாரிடமும் சொல்லமாட்டோம் என்று மாதா மேல் ஆணையிடுங்கள்" என்றாள். நாங்களும் யோசியாமல் ஆணையிட்டோம். அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, சோறு வைக்கும்போது திங்கட்கிழமை குட்டி கடித்த இடம். பல் பட்டு இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

உடனே நாங்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். ஒருத்தி மஞ்சள் போடு என்றாள். இன்னொருத்தி சுண்ணாம்பு தடவினால் விஷம் இறங்கும் என்றாள். மற்றொருத்தி, "சின்னக் குட்டிதானே, குட்டிக்கு விஷம் இருக்காது" என்று தைரியம் சொன்னாள். ஒரு நிமிடத்தில் மூன்று யோசனைகள், மூன்றும் தவறானவை! அன்பு மிகுதியால் சொன்னவைதான். ஆனால் அன்பு மட்டும் மருந்தாகிவிடாது.

அன்று பிற்பகல் வகுப்பில் எங்களுக்குப் பாடம் ஏறவில்லை. மணி அடித்ததும் எங்களில் இருவர், அவளுக்குத் தெரியாமல், சிஸ்டரிடம் சென்று நடந்ததைச் சொல்லிவிட்டோம். ஆணையை மீறியதாகச் சொல்லி அழவும் செய்தோம். சிஸ்டர், "ஓர் உயிருக்குக் கெடுதி செய்கிற ஆணையை மாதா கேட்கவே மாட்டார்கள், பிள்ளைகளே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்கள். குழாயடிக்கு அவளை அழைத்துச் சென்று ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினார்கள். அவளுடைய தாயாரை வரவழைத்து, மூவருமாக அரசு மருத்துவமனைக்குச் சென்றார்கள்.

வெறிநாய்க்கடி நோயின் தன்மை

ரேபீஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் ஒரு வைரசினால் உண்டாவது. நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் அது இருக்கும். கடித்தாலும், நகத்தால் பிறாண்டினாலும், புண்ணை நக்கினாலும் மனித உடலுக்குள் புகும். புகுந்தபின் நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்லும். நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் அதற்கு முன்பே வரலாம். சில வேளைகளில் ஓராண்டுகூட ஆகலாம். குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் அதற்கு முன் முறையாக ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். ஆகவே இந்நோயில் காலம்தான் உயிர். மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வைரசுக்கு நாம் கொடுக்கும் அவகாசமாகும்.

இந்நோயால் உலகில் இறப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகள் நாயோடு விளையாடுகிறார்கள். கடிபட்டால் அடிக்குப் பயந்து சொல்லாமலும் விட்டுவிடுகிறார்கள்.

கடிபட்டவுடன் செய்யவேண்டியது இதுதான். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் தடவக்கூடாது. கட்டுப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நாள் கடந்துவிட்டதே என்று இருந்துவிடவும் கூடாது, தாமதமானாலும் போகவேண்டும். எங்கள் தோழிக்கு இரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றி ஒரு தனி மருந்தும், கையில் தடுப்பூசியும் போட்டார்கள். முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என ஊசி முடிந்தது. அரசு மருத்துவமனையில் காசு வாங்கவில்லை. வயிற்றைச் சுற்றி 14 ஊசி என்று நம் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 2005 முதல் அது நம் நாட்டில் வழக்கில் இல்லை.

பாஸ்டரும் யோசனை கேட்டார்

இந்தத் தடுப்பூசியைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் என்பதை அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஒரு தாய், வெறிநாய் கடித்த தன் ஒன்பது வயது மகன் ஜோசப் மைஸ்டரை அல்சேஸ் பகுதியிலிருந்து பாரிசுக்கு அழைத்து வந்து பாஸ்டர் முன் நிறுத்தினாள். அதுவரை அம்மருந்து நாய்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டிருந்தது. கொடுத்தால் என்ன ஆகுமோ என்ற கவலை ஒருபுறம்; கொடுக்காவிட்டால் சிறுவன் இறப்பானே என்ற கவலை மறுபுறம். பாஸ்டர் வேதியியல் அறிஞரே அன்றி மருத்துவர் அல்லர். எனவே அவர் தாமே முடிவெடுக்கவில்லை. வுல்பியான், கிரான்ஷே என்னும் இரு மருத்துவர்களை அழைத்துச் சிறுவனைப் பார்க்கச் செய்தார். அவர்கள் இசைந்த பின்னரே, கிரான்ஷே தம் கையால் ஊசி போட்டார். பத்து நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

எத்துணைப் பெரிய அறிஞர்! அவரே தமக்குத் தெரியாத துறையில் தெரிந்தவரைக் கேட்டார் என்றால், மரத்தடியில் அமர்ந்து சுண்ணாம்பு வைத்தியம் சொன்ன நாங்கள் எம்மாத்திரம்? மகனைக் கூட்டிக்கொண்டு பாரிசுக்கு வந்த அந்தத் தாயையும் மறக்கலாகாது. அவள் தன் கவலையை வீட்டுக்குள் வைத்து அழுதிருந்தால் மகனை இழந்திருக்கக்கூடும். பாஸ்டர் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் இறந்தார். அந்த நாளே இன்று உலக வெறிநாய்க்கடி நோய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. நம் மாநிலத்தில் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது நமக்குப் பெருமையாகும்.

நாங்கள் செய்த பிழை

எங்கள் தோழிக்கு ஒன்றும் நேரவில்லை. குட்டியைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அதுவும் நலமாக இருந்தது. ஆனால் அவள் எங்களோடு பேசவில்லை. வேப்ப மரத்தடிக்கு வராமல் வராந்தாவில் தனியே அமர்ந்து சாப்பிட்டாள். உயிரைக் காத்த எங்கள் மேல் இவளுக்கு என்ன கோபம் என்று நாங்களும் சற்று வீறாப்பாகவே இருந்தோம்.

28ஆம் நாள் கடைசி ஊசி முடிந்து மறுநாள் அவள் சாப்பாட்டுப் பெட்டியோடு எங்களிடம் வந்து உட்கார்ந்தாள். "நீங்கள் சொன்னதற்காக நான் கோபப்படவில்லை. எனக்குத் தெரியாமல் சொன்னீர்களே, அதுதான்" என்றாள். நாங்கள் தலை குனிந்தோம். அவள் கூறியது நியாயமே. "இதை எங்களால் மறைக்க முடியாது. வா, நாங்களும் உன்னோடு வருகிறோம், நீயே சிஸ்டரிடம் சொல்" என்று அவள் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கவேண்டும். நாங்கள் செய்தது சரி. செய்த விதம் சரியன்று.

அவள் மேலும் ஒன்று சொன்னாள். அவள் பயந்த தந்தை, ஆஸ்பத்திரி வாசலில் அவள் தலையைத் தடவி, "அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருக்கலாமே, அம்மா" என்றாராம். குட்டியையும் விரட்டவில்லை. மூன்று மாதம் ஆனதும் அவரே அதைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று தடுப்பூசி போட்டு வந்தார். இப்போது அவர் வேலை முடிந்து வரும் சைக்கிள் மணி கேட்டால் முதலில் ஓடுவது அதுதான்.

மயக்கம் போட்ட தோழி

மூன்றாவது கவலை எங்களில் ஒருத்தி காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்ததில் தொடங்கியது. அதற்கு முன்பே அவள், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் "கண்ணேறு" என்றும், "பரீட்சை வருகிறதல்லவா" என்றும் சொல்லிச் சிரித்தோம். ஆனால் நாய்க்குட்டி விஷயத்தில் பட்ட பாடம் இருந்ததால், இம்முறை வைத்தியம் சொல்லவில்லை. அவளையே அழைத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனோம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 கிராமே இருந்தது. நம் வயதுப் பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அதுவே இரத்தசோகை.

இது அவள் ஒருத்தியின் குறையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படியானால் எங்கள் ஆறு பேரில் மூவருக்காவது இருக்கலாமே என்று கணக்குப் போட்டோம். பரிசோதித்தபோது, அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் இருவருக்கும் 12க்குக் குறைவாகவே இருந்தது!

இரும்புச்சத்துக் குறைவே இதற்குப் பெரும்பாலும் காரணம். மாதவிலக்கில் இரத்தம் போவதாலும், வயிற்றில் கொக்கிப்புழு இருப்பதாலும் அது மேலும் குறையும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், மீன், ஈரல் ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளவேண்டும். அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பாட்டோடு டீயோ காப்பியோ குடித்தால் குறைவாகவே சேரும். நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு முதல் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு முறை கொடுக்க ஏற்பாடான நீல நிற மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கசக்கிறது என்று அதைத் தூக்கி எறிந்தவர்கள் எங்களிலும் உண்டு. இனி எறியமாட்டோம்! ஆனால் இரத்தசோகை இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை போதாது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும்.

நல்ல தோழிக்கு நான்கு கடமைகள்

இம்மூன்று அனுபவங்களிலிருந்து நல்ல தோழியின் கடமைகள் நான்கு என்று நாங்கள் வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, காது கொடுத்தல். சொல்லி முடிக்கும்வரை சிரிக்காமலும் குறுக்கிடாமலும் கேட்கவேண்டும். பாதிச் சுமை இதிலேயே இறங்கிவிடும்.

இரண்டாவது, கேள்வி கேட்டல். "எப்போது தொடங்கியது? வீட்டில் யாருக்குத் தெரியும்?" என்ற இரண்டு கேள்விகள், பத்து வைத்தியங்களைவிட மேலானவை.

மூன்றாவது, உடன் செல்லுதல். உடம்பு, உயிர், நெருப்பு, விஷம் சம்பந்தப்பட்ட கவலைகள் மரத்தடியில் தீர்வன அல்ல. அவற்றைத் தெரிந்தவரிடம் கொண்டு செல்லவேண்டும். சொன்னவளுக்குத் தெரியாமல் அல்ல, அவளையும் அழைத்துக்கொண்டு.

நான்காவது, பரப்பாதிருத்தல். பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோருக்குச் சொல்வது உதவி. அடுத்த வகுப்புக்குச் சொல்வது வம்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்காக மட்டுமன்று. தவறும்போது முன்னின்று இடித்துரைப்பதற்கும் உரியது என்பது திருவள்ளுவரின் கருத்து. வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல முடியாத துன்பம் உடைய குழந்தைகளுக்காக 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய இச்சேவை இன்று நாடெங்கும் உள்ளது. உடல்நல ஆலோசனைக்கு நம் மாநிலத்தில் 104, மனக் கலக்கத்துக்கு 14416 ஆகிய எண்களும் உள. இவற்றை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே.

முடிவுரை

ஜெபமாலையின் மகிழ்ச்சி நிறைந்த மறையுண்மைகளுள் இரண்டாவதை நாம் அனைவரும் அறிவோம். வானதூதர் சொன்ன செய்தியைப் பெற்றபின் கன்னிமரியாள் அதைத் தம் உள்ளத்தில் வைத்துக்கொண்டு நாசரேத்தில் தனித்திருக்கவில்லை. மலைநாட்டுக்கு விரைந்து நடந்து எலிசபெத்தம்மாளின் வீட்டை அடைந்து, ஏறத்தாழ மூன்று மாதம் அவரோடு தங்கினார்கள். வயதில் மூத்த ஓர் உறவினரைத் தேடிச் செல்வது மாதாவுக்கே ஏற்றதாயிருந்தது என்றால், நமக்கு அதில் வெட்கம் எதற்கு?

பெற்றோருக்கு எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. நாங்கள் சொல்லாமல் இருப்பது உங்கள் மேல் அன்பில்லாமல் அல்ல. கோபித்துக்கொள்வீர்களோ என்ற பயத்தால்தான். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னதை, "எது நடந்தாலும் சொல்லு, அம்மா" என்று முன்கூட்டியே வீட்டு வாசலில் சொல்லுங்கள்.

வேப்ப மரத்தடியில் இப்போதும் நாங்கள் ஆறு பேரும் அமர்கிறோம். யாராவது சாப்பிடாமல் இருந்தால் காரணம் கேட்கிறோம். ஆனால் ஆணை இடுவதில்லை.